காற்றிலிருந்து சோறு, காற்றிலேயே நஞ்சு!

தோட்டத்தில் உரம் போடும் வேலை எப்படிப்பட்டது என்று நம்மவர்களுக்கு யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. மூட்டையைப் பிரித்து, வாளியில் அள்ளி, மேடு பள்ளம் பார்க்காமல் மரத்துக்கு மரம் அளந்து போட வேண்டும். கையில் ஒரு சின்னக் கீறல் இருந்தால் போதும், எரிச்சல் உயிர் போகும். 'பாஜா' வேலை என்றாலே முகத்தைச் சுளிக்கிறவர்கள் உண்டு. அதிலும் இந்த வேலையைப் பெரும்பாலும் நம் பெண்கள்தான் இடுப்பொடியச் செய்து வந்திருக்கிறார்கள்.

ஆனால் அந்த வெள்ளை உப்பு எங்கிருந்து வருகிறது என்று நாம் கேட்டுப் பார்த்திருக்கிறோமா? கடலில் எடுத்ததா? மண்ணில் தோண்டியதா? இரண்டும் இல்லை. நாம் மூச்சு விடுகிறோமே, அந்தக் காற்றில் இருந்து எடுத்தது! காற்றிலிருந்து உரத்துக்கு வழி கண்ட மனிதரின் பெயர் ஃபிரிட்ஸ் ஹாபர். உலகத்துக்குச் சோறு போட்டவர் அவர். அதே கையால் உலகத்துக்கு நஞ்சையும் ஊட்டியவர். அவருடைய வாழ்க்கையை இந்த வாரம் பார்ப்போம். நம் தட்டில் விழும் சோற்றுக்கும், நெல் போடுகிறவன் பையில் மிஞ்சும் காசுக்கும் அந்த வாழ்க்கையோடு நெருங்கிய தொடர்பு உண்டு.

தாயை அறியாத பிள்ளை

ஹாபர் 1868-ஆம் ஆண்டு டிசம்பர் 9-ஆம் நாள் பிரஸ்லாவ் நகரில் பிறந்தார். அன்று அது ஜெர்மானியர் ஆட்சியில் இருந்தது. இன்று போலந்து நாட்டில் விரோட்ஸ்வாஃப் என்ற பெயரில் இருக்கிறது. யூதக் குடும்பம். தகப்பனார் சாயப்பொருளும் மருந்துச் சரக்கும் விற்கும் வியாபாரி. பிள்ளை பிறந்த மூன்றாவது வாரத்தில் தாய் இறந்துபோனாள். அந்தத் துக்கம் தகப்பனாருக்கு லேசில் ஆறவில்லை. அப்பனுக்கும் மகனுக்கும் நடுவே கடைசிவரை ஒரு இடைவெளி இருந்துகொண்டே இருந்தது.

மகன் ரசாயனம் படித்தார். 1891-இல் பெர்லினில் டாக்டர் பட்டமும் வாங்கினார். பிறகு தகப்பனார் கடையிலேயே உட்கார்ந்தார். 1892-இல் ஹாம்பர்க் நகரில் காலரா பரவியது. கிருமி கொல்லும் குளோரின் சுண்ணாம்புக்கு இனி நல்ல கிராக்கி என்று நினைத்து, தகப்பனாரை வற்புறுத்தி மூட்டை மூட்டையாக வாங்க வைத்தார். கொள்ளைநோய் சீக்கிரமே அடங்கிவிட்டது. வாங்கிய சரக்கு அப்படியே தங்கிப்போனது. நஷ்டம்! வியாபாரம் இவனுக்குச் சரிப்படாது, படிப்பு வேலைக்கே போகட்டும் என்று தகப்பனார் முடிவு கட்டினார்.

தேவைக்கு மேல் வாங்கிப் போட்டால் காசு கரியாகும் என்ற பாடத்தை ஹாபர் இருபத்து மூன்று வயதிலேயே படித்துவிட்டார். அந்தப் பாடம் உர விஷயத்திலும் திரும்ப வரும். கடைசியில் பார்ப்போம்.

அதே 1892-இல் அவர் யூத மதத்தை விட்டுக் கிறிஸ்துவ மதத்தில் சேர்ந்தார். அன்றைய ஜெர்மனியில் யூதர்களுக்குப் பெரிய உத்தியோகக் கதவுகள் எளிதில் திறக்கமாட்டா. தன்னை முழு ஜெர்மானியனாக நாடு ஏற்க வேண்டும் என்ற தாகம் அவருக்குள் எரிந்துகொண்டிருந்தது. அந்தத் தாகம்தான் அவரை உயரத் தூக்கியது. கடைசியில் அதுவே அவரைக் கவிழ்த்தது.

1894-இல் கார்ல்ஸ்ரூ நகரத் தொழில்நுட்பக் கல்லூரியில் உதவியாளராகச் சேர்ந்து, படிப்படியாகப் பேராசிரியரானார். 1901-இல் கிளாரா இம்மெர்வார் என்ற பெண்ணை மணந்தார். கிளாரா லேசுப்பட்ட பெண் அல்ல. பிரஸ்லாவ் பல்கலைக்கழகத்தில் ரசாயனத்தில் டாக்டர் பட்டம் வாங்கிய முதல் பெண். ஆனால் கல்யாணத்துக்குப் பிறகு அந்தப் படிப்பெல்லாம் அடுப்படியோடு நின்றுபோனது. 1902-இல் ஹெர்மான் என்ற மகன் பிறந்தான்.

காற்றில் இருந்தும் பயனில்லை

பயிர் வளர மூன்று சத்துகள் முக்கியம்: தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல்சத்து. தழைச்சத்து என்பதுதான் நைட்ரஜன். இலைக்குப் பச்சை கொடுப்பதும், நெல் பயிரில் தூர் கட்ட வைப்பதும், கதிரில் மணி எண்ணிக்கையைக் கூட்டுவதும் அதுதான். ஒரு டன் நெல் விளைய வேண்டுமானால் பயிர் சுமார் 15 முதல் 20 கிலோ நைட்ரஜனை மண்ணிலிருந்து உறிஞ்ச வேண்டும். வருஷா வருஷம் அறுத்துக்கொண்டே இருந்தால் மண் எத்தனை நாளைக்குத் தாங்கும்?

வேடிக்கை என்னவென்றால், காற்றில் நூற்றுக்கு 78 பங்கு நைட்ரஜன்தான். ஆனால் அது இரண்டு இரண்டாக இறுகப் பிணைந்து கிடக்கிறது. அந்தப் பிணைப்பை நெல்லோ ரப்பர் மரமோ தானாக அவிழ்க்க முடியாது. கடல் நடுவே தண்ணீர் இல்லாமல் தவிக்கிறவன் நிலைதான் பயிருக்கும்.

அவரை, பயறு வகைச் செடிகளின் வேர் முடிச்சில் வாழும் நுண்ணுயிர்கள் அந்தப் பிணைப்பை அவிழ்க்கும். ஜெர்மன் விஞ்ஞானி ஹெல்ரீகல் 1886-இல் அதை விளக்கினார். ரப்பர்க் கன்று நட்ட புதுக்காட்டில் பியூரேரியாக் கொடியைப் படர விடுகிறார்களே, சும்மா அழகுக்கா? மண் அரிக்காமல் காப்பதோடு, காற்றிலிருந்து மண்ணுக்கு நைட்ரஜனும் சேர்க்கிறது அந்தக் கொடி.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஐரோப்பா தன் வயலுக்கு உரம் தேடிக் கடல் கடந்தது. பெரு நாட்டின் சின்ச்சா தீவுகளில் பறவை எச்சம் மலை மலையாகக் குவிந்திருந்தது. அதை வெட்டி அள்ளியவர்கள் யார்? ஒப்பந்தக் கூலிகளாகக் கொண்டுபோகப்பட்ட சீனத் தொழிலாளர்கள். நாற்றத்திலும் தூசியிலும் வெயிலிலும் மடிந்தவர்கள் பலர். கப்பலேறி வந்த கூலிகளின் கதை நமக்குப் புதிதா என்ன?

எச்சம் தீர்ந்த பிறகு சிலி நாட்டுப் பாலைவனத்து வெடியுப்புக்கு எல்லாரும் ஓடினார்கள். அந்த உப்பு நிலத்துக்காக 1879-இல் சிலி, பெரு, பொலிவியா மூன்று நாடுகளும் யுத்தமே நடத்தின. அதுவும் ஒருநாள் தீரத்தானே வேண்டும்? 1898-இல் வில்லியம் குரூக்ஸ் என்ற பிரிட்டிஷ் விஞ்ஞானி எச்சரிக்கை விட்டார். காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடிக்க ரசாயன விஞ்ஞானிகள் வழி காணாவிட்டால் கோதுமை உண்ணும் நாடுகள் பஞ்சத்தைப் பார்க்க வேண்டியிருக்கும் என்பது அவர் சொன்னதன் சாரம்.

சொட்டுச் சொட்டாக வந்த செல்வம்

ஹாபர் அந்த வழியைத் தேடினார். நைட்ரஜனையும் ஹைட்ரஜனையும் சேர்த்தால் அம்மோனியா. ஏட்டில் சுலபம். செய்து பார்த்தால் மலை. சூடு போதாவிட்டால் இரண்டும் சேராது. சூடு கூடினால் சேர்ந்ததும் பிரிந்துவிடும். ஆகவே காற்று அழுத்தத்தைப் போல ஏறக்குறைய 200 மடங்கு அழுத்தம் கொடுத்து, நடுவில் ஒரு உலோகத்தை ஊக்கியாக வைத்து, உண்டாகும் அம்மோனியாவை உடனுக்குடன் குளிர்வித்துப் பிரித்து, மிச்சத்தை மறுபடி சுற்ற விடும் ஏற்பாட்டைச் செய்தார். அந்தக் கருவியை வடித்துக் கொடுத்தவர் இராபர்ட் லெ ரோசிக்னால் என்ற பிரிட்டிஷ் உதவியாளர். பெயரும் புகழும் ஹாபருக்குப் போனாலும் இவரை மறப்பது நியாயம் அல்ல.

1909-ஆம் ஆண்டு ஜூலை 2-ஆம் நாள் பி.ஏ.எஸ்.எஃப். கம்பெனியின் ஆட்கள் முன்னிலையில் கருவி ஓடியது. குழாயிலிருந்து அம்மோனியா சொட்டுச் சொட்டாக விழுந்தது. மணிக்கு ஒரு டம்ளர் அளவுகூடத் தேறாது. ஆனால் மனித குலத்தின் சோற்றுப் பானை அந்தச் சொட்டுகளில்தான் இருந்தது.

அதைத் தொழிற்சாலை ஆக்கியவர் கார்ல் பாஷ் என்ற பொறியாளர். அந்தச் சூட்டிலும் அழுத்தத்திலும் எஃகுக் குழாய்கள் வெடித்தன. ஹைட்ரஜன் புகுந்து எஃகை உள்ளுக்குள்ளேயே நொறுங்க வைத்தது. உள்ளே மெல்லிய இரும்பு, வெளியே துளையிட்ட எஃகு என்று இரண்டு சுவர் வைத்து அதை வென்றார். ஹாபர் பயன்படுத்திய ஊக்கி உலோகம் கிடைப்பதற்கு அரியது. மித்தாஷ் என்பவர் ஆயிரக்கணக்கான சோதனைகள் செய்து, மலிவான இரும்பிலேயே காரியத்தை முடித்தார். 1913-இல் ஓப்பாவ் என்ற ஊரில் ஆலை ஓடத் தொடங்கியது. விற்கும் அம்மோனியாவில் கிலோவுக்கு இவ்வளவு என்று ஹாபருக்கும் பங்கு வந்தது. 1911-இல் பெர்லினில் பெரிய ஆராய்ச்சி நிலையத்தின் தலைமைப் பதவியும் தேடி வந்தது. வியாபாரத்துக்கு லாயக்கில்லாத பிள்ளை பெரிய மனிதராகிவிட்டார்!

இந்த இடத்தில் தொழிலாளர்களை நாம் நினைக்க வேண்டும். 1921-ஆம் ஆண்டு செப்டம்பர் 21-ஆம் நாள் அதே ஓப்பாவ் ஆலையில் கெட்டிதட்டிப்போன உரக் குவியல் வெடித்தது. ஐந்நூறு பேருக்கு மேல் மாண்டார்கள். இறுகிய உரத்தைத் தளர்த்தச் சிறு சிறு வெடி வைப்பது அங்கே வழக்கமாக இருந்தது. பல நாள் ஒன்றும் ஆகவில்லை. ஒரு நாள் ஊரே போனது. உரச் சாக்குக்குப் பின்னால் இப்படியும் ஒரு கணக்கு இருக்கிறது.

கை மாறிய வித்தை

1914-இல் முதல் உலக யுத்தம் மூண்டது. பிரிட்டிஷ் கடற்படை வழியை மறித்ததால் ஜெர்மனிக்குச் சிலி உப்பு வரவில்லை. உப்பு இல்லாவிட்டால் வெடிமருந்து இல்லை. அப்போது உரத்துக்காகக் கண்ட வித்தை வெடிமருந்துக்குத் திரும்பியது. காற்றிலிருந்து சோறு எடுக்கும் ஆலை, குண்டுக்கு மருந்து அரைக்கும் ஆலையாயிற்று. இல்லாவிட்டால் ஜெர்மனி அவ்வளவு காலம் போரில் நின்றிருக்காது.

ஹாபர் அதோடு நின்றாரா? இல்லை. விஷவாயுவைப் போர்க்களத்துக்குக் கொண்டுபோனார். 1915-ஆம் ஆண்டு ஏப்ரல் 22-ஆம் நாள் பெல்ஜியத்தில் ஈப்ர் என்ற ஊருக்கு அருகே, ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட உருளைகளிலிருந்து குளோரின் வாயுவைத் திறந்துவிட்டார்கள். அவரே நேரில் நின்று மேற்பார்வை பார்த்தார். எதிரே பிரெஞ்சுப் படையில் இருந்தவர்களில் பலர் அல்ஜீரியாவிலிருந்து கொண்டுவரப்பட்டவர்கள். மஞ்சள் பச்சையாக ஊர்ந்து வந்த மேகம் என்னவென்றே தெரியாமல் மூச்சு முட்டிச் செத்தார்கள். சில நாள் கழித்து அங்கே அனுப்பப்பட்ட இந்தியச் சிப்பாய்களும் அந்தப் புகையைச் சுவாசித்தார்கள்.

மே மாதம் 2-ஆம் நாள் விடியற்காலையில் கிளாரா கணவருடைய துப்பாக்கியை எடுத்துக்கொண்டு வீட்டுத் தோட்டத்துக்குப் போய்த் தன்னைத் தானே சுட்டுக்கொண்டார். அவர் எழுதி வைத்த கடிதம் எதுவும் இன்று நம் கையில் இல்லை. கணவர் செய்த காரியம் பொறுக்காமல்தான் என்று பலர் கருதுகிறார்கள். ஒடுங்கிப்போன வாழ்க்கையும் காரணம் என்று சொல்வோர் உண்டு. பன்னிரண்டு வயது மகன் வீட்டில் இருந்தான். மறுநாளே ஹாபர் கிழக்குப் போர்முனைக்குக் கிளம்பிவிட்டார். நாடு கூப்பிட்டதாம்! வீடு கூப்பிட்டது அவர் காதில் விழவில்லை.

யுத்தம் முடிந்தது, ஜெர்மனி தோற்றது. 1918-ஆம் ஆண்டுக்குரிய ரசாயன நோபல் பரிசு அம்மோனியா கண்டதற்காக ஹாபருக்குக் கிடைத்தது. விஷவாயுக்காரருக்கா பரிசு என்று பல நாட்டு விஞ்ஞானிகள் முகம் திருப்பினார்கள். தோற்ற நாட்டின் அபராதக் கடனை அடைக்க, கடல் நீரிலிருந்து தங்கம் எடுக்கிறேன் என்று இறங்கிச் சில வருஷம் பாடுபட்டார். காற்று கொடுத்தது. கடல் கொடுக்கவில்லை. தண்ணீரில் இருந்த தங்கம் எண்ணியதைவிட மிக மிகக் கொஞ்சம். எடுக்கும் செலவு, எடுக்கும் பொருளின் விலையைத் தாண்டிவிடும் என்று கண்டதும் கைவிட்டார்.

நாடு கைவிட்ட கதை

1933-இல் ஹிட்லர் பதவிக்கு வந்தான். யூதர்களை அரசாங்க வேலையிலிருந்து நீக்கச் சட்டம் வந்தது. யுத்தத்தில் சேவை செய்தவர் என்பதால் ஹாபர் மட்டும் நீடித்திருக்கலாம். ஆனால் தன் நிலையத்தில் வேலை செய்த யூதர்களை அவர் கையாலேயே நீக்க வேண்டும். அதற்கு அவர் சம்மதிக்கவில்லை. ராஜிநாமா எழுதிக் கொடுத்துவிட்டு வெளியேறினார். மதம் மாறியும், மானத்தை விற்றும், மனைவியை இழந்தும் எந்த நாட்டுக்காக உழைத்தாரோ, அந்த நாடு அவரை அந்நியன் என்றது. வாழ்நாளில் அவர் செய்த கண்ணியமான காரியங்களில் இந்த ராஜிநாமா ஒன்று. வேலை போவதை ஏற்பார், கூட வேலை செய்தவர்களைக் காட்டிக் கொடுக்க மாட்டார்.

இங்கிலாந்துக்குப் போனார். அங்கும் நிலைகொள்ளவில்லை. பாலஸ்தீனத்தில் ஒரு ஆராய்ச்சி நிலையம் அழைத்தது. போகும் முன்னே 1934-ஆம் ஆண்டு ஜனவரி 29-ஆம் நாள் சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் மாரடைப்பால் காலமானார். வயது 65. அவருடைய அஸ்தியோடு கிளாராவின் அஸ்தியும் அங்கே ஒரே கல்லறையில் சேர்க்கப்பட்டது. உயிரோடு இருந்தபோது ஒட்டாதவர்கள் மண்ணில்தான் ஒன்றானார்கள்.

கொடுமை அதோடும் தீரவில்லை. அவருடைய நிலையத்தில் பூச்சி கொல்ல உண்டாக்கிய வாயுவின் வழிவந்த சைக்ளான் என்ற மருந்தைத்தான் நாஜிகள் பிற்பாடு கொலைக்கூடங்களில் பயன்படுத்தினார்கள். அவருடைய சொந்தக்காரர்கள் சிலரும் நாஜி முகாம்களில் அழிந்தார்கள். மகன் ஹெர்மானும் 1946-இல் அமெரிக்காவில் தற்கொலை செய்துகொண்டார்.

நெல் வயலுக்கு வந்தது எப்படி?

ஹாபர் போனார், அவருடைய வித்தை போகவில்லை. இன்று உலக மக்களில் ஏறக்குறையப் பாதிப்பேர் உண்ணும் உணவு அந்த வித்தையால் விளைகிறது என்று விஞ்ஞானிகள் கணக்கிடுகிறார்கள். இப்போது ஹைட்ரஜன் பெரும்பாலும் இயற்கை எரிவாயுவிலிருந்து எடுக்கப்படுகிறது. நம் நாட்டிலும் சரவாக் பிந்துலுவில் 1985 முதல் யூரியா தயாராகிறது. கெடா குருணிலும் ஆலை இருக்கிறது.

ஆனால் உரம் வந்தவுடனே நெல் பொங்கிவிடவில்லை. பழைய நெல் வகைகள் ஆள் உயரம் வளரும். அதற்கு நைட்ரஜன் கொடுத்தால் இன்னும் நெடுநெடுவென்று வளர்ந்து, கதிர் பாரம் தாங்காமல் வயலிலேயே சாய்ந்துவிடும். உரக் காசும் போச்சு, நெல்லும் போச்சு! உரம் தாங்கும் ஜப்பானிய வகையையும் நம் வெப்ப நாட்டு வகையையும் ஒட்டுச் சேர்க்கும் பணி, ஐ.நா. உணவு விவசாய நிறுவனத்தின் ஆதரவில் 1950-களில் இந்தியாவின் கட்டாக்கில் தொடங்கியது. அந்த வித்துகளிலிருந்து நம் நாட்டில் தேர்ந்தெடுத்து 1965-இல் வெளியிட்ட நெல்தான் மாசூரி.

இங்கே ஒரு சுவையான செய்தி. அந்த மாசூரி நெல் தமிழ்நாட்டுக்குப் போனது. அதன் வழியில் வந்ததுதான் 1986-இல் வெளியான வெள்ளைப் பொன்னி. கடையில் விலை கொடுத்து நாம் ஆசையாக வாங்கும் பொன்னி அரிசியின் பூர்வீகம் மலேசியா! நாம் அங்கிருந்து வந்தோம், நெல் இங்கிருந்து போயிற்று.

1966-இல் பிலிப்பைன்சில் உள்ள அனைத்துலக நெல் ஆராய்ச்சி நிலையம் ஐ.ஆர்.8 என்ற குட்டை நெல்லை வெளியிட்டது. இந்தோனேசியாவின் பேத்தா நெல்லும் தைவானின் குட்டை நெல்லும் சேர்ந்த பிள்ளை அது. மலேசியாவில் அதற்கு ரியா என்று பெயர். சோதனை வயலில் உரமே இல்லாமல் ஹெக்டருக்கு ஏறக்குறைய 5 டன் கொடுத்தது. 120 கிலோ நைட்ரஜன் போட்டபோது 9 டன்னைத் தாண்டியது. ஒரு ஹெக்டர் என்பது ஏறக்குறைய இரண்டரை ஏக்கர். 1970-இல் கெடா, பெர்லிஸ் வட்டாரத்தில் மூடா நீர்ப்பாசனத் திட்டத்தால் இருபோகம் தொடங்கியது. 1979 முதல் நெல் விவசாயிகளுக்கு அரசாங்கம் உர மானியமும் கொடுத்தது. தண்ணீர், விதை, உரம் மூன்றும் ஒன்றாகச் சேர்ந்ததால்தான் விளைச்சல் ஏறியது. ஒன்றை விட்டால் மற்ற இரண்டும் வீண்.

விளைச்சல் வேறு, லாபம் வேறு

இனி லாபக் கணக்கு. கூடக் கூட உரம் போட்டால் கூடக் கூட லாபம் வருமா? வராது. விளக்கத்துக்காகச் சில எண்களை வைத்துக்கொள்வோம். நெல் கிலோ ஒரு வெள்ளி. நைட்ரஜன் கிலோ நான்கு வெள்ளி. ஒரு ஹெக்டரில் 30 கிலோ 30 கிலோவாகக் கூட்டிப் போடுகிறோம். ஒவ்வொரு முறையும் செலவு 120 வெள்ளி.

முதல் 30 கிலோவுக்கு நெல் 600 கிலோ கூடுகிறது. மிச்சம் 480 வெள்ளி. இரண்டாவது 30 கிலோவுக்கு 450 கிலோ கூடுகிறது. மிச்சம் 330 வெள்ளி. மூன்றாவதற்கு 200 கிலோதான். மிச்சம் 80 வெள்ளி. நான்காவதற்கு 60 கிலோ. செலவோ 120. கையை விட்டு 60 வெள்ளி போகிறது. பார்க்கிறவர் கண்ணுக்கு நான்காவது வயல்தான் பச்சைப் பசேல் என்று நிற்கும். நெல்லும் அதில்தான் அதிகம். பணம் மட்டும் மூன்றாவது வயல்காரனிடம்தான் அதிகம்!

இப்போது உர விலை இரட்டிப்பானால்? ஒவ்வொரு முறையும் செலவு 240. மூன்றாவது முறையே நஷ்டம். இரண்டோடு நிறுத்துகிறவனே கெட்டிக்காரன். 2021, 2022 ஆண்டுகளில் எரிவாயு விலை ஏற, உக்ரேன் யுத்தமும் சேர, உலகம் முழுவதும் உர விலை எகிறியதை நாம் பார்த்தோம். எங்கோ மூண்ட யுத்தம் நெல் வயல் கணக்கையும் செம்பனைத் தோட்டக் கணக்கையும் புரட்டிப் போட்டது.

கூடுதல் உரத்தால் வேறு தொல்லையும் உண்டு. இலை தளதளவென்று கொழுத்தால் குலைநோயும் புகையான் பூச்சியும் விருந்துக்கு வரும். மருந்துக்கு வேறு காசு. குட்டை நெல்லும் அளவு மீறினால் சாயும்.

இன்னொரு விஷயம். வயலில் போடும் நைட்ரஜன் அத்தனையும் பயிருக்குப் போவதில்லை. பல வயல்களில் மூன்றில் ஒரு பங்குதான் சேருகிறது, நன்றாகப் பார்த்தால் பாதி. தேங்கிய தண்ணீரில் யூரியாவை வீசினால் நிறைய அம்மோனியாவாகக் காற்றோடு போய்விடும். காற்றிலிருந்து அவ்வளவு பாடுபட்டு எடுத்ததை மறுபடி காற்றுக்கே விடுவதா? ஆகவே ஒரே தடவையாகக் கொட்டாமல், நடவை ஒட்டிக் கொஞ்சம், தூர் கட்டும்போது கொஞ்சம், கதிர் உருவாகும்போது கொஞ்சம் என்று பிரித்துப் போட வேண்டும். தண்ணீரை வடித்துப் போட்டுப் பிறகு பாய்ச்சுவதும், மண்ணுக்குள் புதைத்து வைப்பதும் வீணாவதைக் குறைக்கும். இலையின் நிறத்தை அட்டையோடு ஒப்பிட்டு, வெளுத்தால் மட்டும் உரம் போடும் முறையும் உண்டு. மணிச்சத்தும் சாம்பல்சத்தும் குறைந்த மண்ணில் நைட்ரஜனை மட்டும் கொட்டினால் பலன் இல்லை என்பதையும் மறக்கக்கூடாது.

உரச் சாக்கில் எழுதியிருக்கும் எண்ணைப் படிக்கத் தெரிந்துகொள்வதும் நல்லது. யூரியாவில் நூற்றுக்கு 46 பங்கு நைட்ரஜன், அம்மோனியம் சல்பேட்டில் 21 பங்கு. 50 கிலோ யூரியாவில் 23 கிலோ, 50 கிலோ சல்பேட்டில் பத்தரை கிலோ. ஆகவே மூட்டை விலையை மட்டும் பார்த்து இது மலிவு, அது கிராக்கி என்று சொல்வது ஏமாளித்தனம். வீட்டுக்குப் பின்னால் நாலு பாத்தி கீரை, வெண்டை போடுகிற நம்மவர்களுக்கும் இந்தக் கணக்கு பொருந்தும். ஒரு கைப்பிடியில் முடிகிற வேலைக்கு இரண்டு கைப்பிடி போட்டால் செடி கருகும்.

ஹாபரை நாம் எப்படி நினைப்பது? கும்பிடுவதா, காறித் துப்புவதா? நோபல் மேடையில் வைத்தால் ஈப்ரில் மூச்சுத் திணறிச் செத்தவர்கள் கேள்வி கேட்பார்கள். குற்றவாளிக் கூண்டில் மட்டும் ஏற்றினால், அவருடைய அம்மோனியாவால் பசியாறுகிற கோடிக்கணக்கான பிள்ளைகள் எதிரே நிற்கும். இரண்டையும் சேர்த்துத்தான் அந்த மனிதரைப் பார்க்க வேண்டியிருக்கிறது.

அவருடைய அறிவில் குறை இல்லை. எவ்வளவு, எதற்கு, யாருக்காக என்று நிறுத்திக் கேட்கும் இடத்தில்தான் தவறினார். உரம் போடுகிறவர் கேட்க வேண்டியதும் அதே கேள்விதான். எவ்வளவு போடுகிறோம், எந்தப் பருவத்தில் போடுகிறோம், வருகிற லாபம் யார் கைக்குப் போகிறது? வாளியைத் தூக்கிச் சுமக்கிற கைகளுக்கு ஒரு ஜோடி உறை கொடுக்காமல் கிலோக் கணக்கில் லாபம் பார்க்கிற எந்தக் கணக்கும் முழுக் கணக்கு ஆகாது. உறையில்லாமல் உரம் அள்ளச் சொன்னால் கேளுங்கள் தோழர்களே. கேட்பது நம் உரிமை.